சனிக்கிழமை தோறும் அதே வீடு

ஆரம்ப சூரத்தனத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். தையல் வகுப்புக்கு நாலு வாரம் போனேன், இந்தி வகுப்புக்கு அதிலும் பாதி. அதனால் புதிதாக ஒரு வலைப்பூ தொடங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர், "இது எத்தினி நாளிக்கு?" என்று மட்டும் கேட்டார். சமையலுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று என ஏற்கெனவே இரண்டு வலைப்பூக்கள் தலைக்கு மூன்று பதிவுகளோடு அநாதையாகக் கிடந்தது அவருக்குத் தெரியும்.

ரோஷத்தில் மூன்றாவதற்கு ஒரு விதி வைத்தேன். சனிக்கிழமை ஒரு படம், கீழே பத்து வரி. என்ன படம் என்பதை யோசிக்கவில்லை. அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஊத்துக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறினால் பெரியபாளையம், ஆரணி வழியாகப் போகும். ஆரணி தாண்டி ஒரு நிறுத்தத்தில் எங்கள் வெல்டர் அண்ணன் ஏறவேண்டும். மனிதர் நேரத்துக்கு வந்ததே கிடையாது. பஸ் அவருக்காக உறுமிக்கொண்டு நிற்கும். அந்தச் சும்மா நேரத்தில் என் ஜன்னலுக்கு நேரே தெரிந்ததைப் போனில் எடுத்தேன். பாதி கட்டிய ஒரு வீடு. தூண்களில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க, முகப்பில் திருஷ்டி பொம்மை நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அவர் தாமதம், அதே வீடு. வேறு இடம் தேடச் சோம்பல்பட்டு அதையே தொடர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போகும் சாக்கில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றிவிடுவேன். பொம்மையின் மீசையைப் பற்றி மட்டுமே பத்து வரி எழுதிய வாரமும் உண்டு.

ஒரு ஞாயிறு, பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: "தளம் போட்டாங்களா?" எனக்கும் ஒரு வாசகர்! அடுத்த வாரம், "ஜன்னல் வெச்சாங்களா?" அதற்கடுத்து, "பின்பக்கம் தெரியுமா?" என் பத்து வரியை அவர் தொட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லை. கோபம்தான் வந்தது. ஆனால் யார் இவர், இந்த வீட்டில் இவருக்கு என்ன என்கிற குடைச்சல் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. மழையில் ஜன்னலைத் திறந்து, பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு படமெடுத்தேன். அதை விடாமுயற்சி என்று சொன்னால் பொய். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்கிற ஆவல், அவ்வளவுதான்.

வீடு மட்டும் வளரவே இல்லை. படத்துக்குப் படம் பொம்மையின் சாயம்தான் வெளுத்தது. எழுத ஒன்றுமில்லை, இதையும் மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்த வாரம் நீளமாக ஒன்று வந்தது.

"அக்கா, அது என் ஊடு. ஊரு பேர போட்டு தேடசொல்ல உங்க போட்டோ வந்துச்சி. நான் குவைத்ல டிரைவரா கீறேன். எங்க அண்ணன்தான் கூட நின்னு கட்றாரு. போன் பண்ணா வேலை ஜோரா நடக்குதுடான்றாரு. உங்க போட்டோல ஒரு செங்கல் ஏறல. நான் எங்க அண்ணன நம்பறதா, உங்க போட்டோவ நம்பறதா? நைனா போனப்புறம் என்னிய வளத்ததே அவருதான். ரொம்ப பேஜாரா கீதுக்கா."

வேடிக்கை பார்க்க வந்தவள் அண்ணன் தம்பிக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் சாயந்திரம் வெல்டர் அண்ணனோடு அவர் நிறுத்தத்தில் நானும் இறங்கி அந்த வீட்டுக்குப் போனேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்த அண்ணன்காரர் என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"வந்துட்டீங்களா மேடம்? எது வரிக்கும் இடிப்பீங்க? அத்த மட்டும் சொல்லிடுங்க."

நான் விழித்தேன். வெல்டர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். "கம்பெனிக்கு எடம் எடுக்கத்தான் போட்டோ புடிக்கிறாங்கன்னு நான்தான் சொன்னேன். சம்பளம் இல்லாம யாருனா வாரா வாரம் ஒரே ஊட்ட புடிச்சிக்கினு இருப்பாங்களா? ஒரு சனிக்கிழமை தவறலியே நீங்க!"

'தவறலியே' என்று என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. கேட்க என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கம் எப்போதும் உலவும், அதனால் ஊரே நம்பியிருக்கிறது. இடிக்கப்போகும் வீட்டுக்கு யார் தளம் போடுவார்கள்? தம்பி அனுப்பியதெல்லாம் கம்பியாகவும் கதவாகவும் ஜன்னலாகவும் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தது. மாடுகள்தான் வெளியே நின்றன.

"தம்பிகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அங்க தனியா கீறான் மேடம். சொன்னா அவனுக்கு சோறு எறங்குமா?"

போனைத் திறந்து படங்களைக் காட்டினேன், வலைப்பூவையும் தம்பியின் கேள்விகளையும் விளக்கினேன். அவன் சந்தேகப்பட்டதை மட்டும் விழுங்கிவிட்டேன். அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "ஒண்ணுல கூட நானு இல்ல. பஸ்ஸு வந்தா உள்ள போயி ஒளிஞ்சிக்குவேன்" என்று சிரித்தார்.

ஞாயிறன்று நடந்ததையெல்லாம் எழுதினேன். பத்து வரி போதவில்லை. அடுத்த சனிக்கிழமை பஸ் நின்றபோது தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கொத்தனார், சித்தாள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். நடுவில் அண்ணன், சலவைச் சட்டையில், விறைப்பாக. அன்றைக்குப் பார்த்து வெல்டர் அண்ணன் நேரத்துக்கு வந்து தொலைத்தார். அவசரத்தில் படம் லேசாக ஆடிப்போனது.

குவைத்திலிருந்து தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அண்ணன் ஏன்கா இப்டி எளச்சிட்டாரு? தலையெல்லாம் வெள்ளையா தெரியுதே, வெயிலா? அடுத்த வாரம் கொஞ்சம் கிட்ட போயி எடுங்கக்கா" என்று மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் டிரைவரிடம் ஒரு நிமிஷம் கெஞ்சி வாங்கி, இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று எடுத்தேன். வெயில் இல்லை, நரைதான்.