சுட்ட கத்திரிக்காய்க் கலரும் வீரபத்திரனின் போனும்

வீரபத்திரன் சந்தேகப்படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அவர் மனைவி பட்டம்மாள் வைக்கும் ரசம்தான். அதையும் முதல் கரண்டி அவளைக் குடிக்கச் சொல்லி, இரண்டு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்துவிட்டுத்தான் தன் தட்டில் ஊற்றிக்கொள்வார். பஸ் ஏறினால் எந்த ஊருக்குப் போகிறது என்று கண்டக்டரைக் கேட்பார். பிறகு டிரைவரைக் கேட்பார். இருவரும் பேசி வைத்திருப்பார்களோ என்று பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். அதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும்.

ஆனால் கலர் விஷயத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவரை அடிக்க ஆளில்லை. படித்தது ஐந்தாவது. தறியில் உட்கார்ந்து நாற்பது வருஷம். நீங்களும் நானும் பச்சை என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர் எழுபத்து மூன்றாகப் பிரித்து, அதில் எட்டுக்கு மாமியார் பெயர், கொழுந்தியா பெயரெல்லாம் வைத்திருப்பார். அவர் சேர்க்கும் இரண்டு கலர் பக்கத்தில் நின்றால் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்காது. கல்யாணமாகாத காதலர்கள் மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷனின் கலரை யாரோ திருடினார்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. போன தையில் மழைமேகக் கலருக்கு மாம்பூ பார்டர் சேர்த்தார். புடவை இன்னும் தறியில் பாதி இருக்கும்போதே, அதே கலர், அதே பார்டர், விசைத்தறியில் ஓட்டிய சரக்கு கடைவீதியில் தொங்கியது. சித்திரையில் செங்கல்பொடிக்கு வெற்றிலைப் பச்சை. அதுவும் அப்படியே போனது. வீரபத்திரன் மூன்று நாள் சோறு தின்னவில்லை என்று சொல்வார். பட்டம்மாளைக் கேட்டால் இட்லி தின்றார் என்பாள்.

இப்போது அவர் கவலை வேறு. ஒரே மகள் சங்கீதாவுக்கு ஆவணி பன்னிரண்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தாமல். முகூர்த்தப் புடவையை வீரபத்திரனே நெய்யப் போகிறார். மகள் பிறந்த அன்றைக்கே அவர் சொன்ன வார்த்தை: அவள் தாலி கட்டிக்கொள்ளும் நேரத்தில் அவள் உடுத்தியிருக்கும் கலர் உலகத்தில் வேறு ஒரு பெண் உடம்பிலும் இருக்கக் கூடாது. அந்தப் புடவைக் கலரும் போய்விட்டால் வேறு நூல் போட்டு நெய்ய நாள் கிடையாது.

திருடன் யார் என்று அவர் தீர்மானித்துவிட்டார். செல்போன்.

செங்கழுநீரோடை வீதியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுகாசினி முன்னால் போய், போனை ஒரு கைக்குட்டையில் சுற்றி, செத்த எலியை வைப்பது போல வைத்தார்.

“என்னாச்சிணா? போன் போச்சா?”

“போகல. இருக்குது. அதான் பிரச்சினை. இது ஒட்டுக் கேக்குதுமா.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லணுமா? நேத்து பட்டம்மாள்கிட்ட முதுகு வலிக்குதுன்னேன். அரை மணி நேரத்துல இதுல தைலம் விளம்பரம் வருது. கட்டின பொண்டாட்டி தைலம் எடுத்தாரல, இது எடுத்துக்கினு ஓடியாருது.”

சுகாசினி சிரித்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். “இதுல வேற சிஸ்டம் போட்டிருக்கேன். லினக்ஸுன்னு பேரு. விளம்பரம் வராது. நீ எங்க போற, என்னா பேசுறன்னு யாருக்கும் அனுப்பிக்கினு இருக்காது.”

“எந்தக் கம்பெனி?”

“ஒரு கம்பெனின்னு இல்லணா. பல ஊர்ல பல பேர் சேர்ந்து எழுதுறாங்க. இனாம்.”

வீரபத்திரன் ஸ்டூலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “இனாமா? சம்பந்தி வீட்ல ஒரு காபி குடுக்கிறதுக்கே நம்ம பொண்ணைக் கேக்குறாங்க. மொகம் தெரியாதவன் எனக்கு எதுக்குக் குடுக்கிறான்?”

“அவன் எழுதினது மொத்தமும் தொறந்து கெடக்குது. யார் வேணா படிச்சிப் பார்க்கலாம்.”

“யார் வேணா பார்க்கலாமா? நான் பூட்டு கேட்டு வந்தா நீ கதவையே கயட்டிக் குடுக்கிறியே.”

“அண்ணா, வெவரம் தெரிஞ்சவன் பொடவையை எந்தப் பக்கம் பார்ப்பான்?”

“பின்பக்கம். நூல் எங்க போவுது, எங்க அறுந்துச்சி, எங்க முடிச்சி போட்டு மூடினான், எல்லாம் அங்கதான் தெரியும்.”

“உன் போன் பின்பக்கத்தைத் துணி வச்சித் தச்ச பொடவை. இது திருப்பிப் பார்க்கக் குடுக்கிற பொடவை. நெய்ஞ்ச விதம்தான் ஊருக்குத் தெரியும். நீ அதைக் கட்டிக்கினு எங்க போறன்னு தெரியாது.”

இது வீரபத்திரனுக்குப் பிடித்தது. ஆனாலும் கேட்டார். “நீ திருப்பிப் பார்த்தியா?”

“நான் கொஞ்சம் பார்த்தேன். மிச்சத்தைப் படிச்சவங்க பார்த்திருக்காங்க.”

“அவங்களை யார் பார்த்தது?”

இந்தக் கேள்விக்கு மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் சுகாசினி கையெடுத்துக் கும்பிட்டு அந்தப் போனையே அவரிடம் கொடுத்து அனுப்பினாள்.

அந்தப் போனோடு அந்த வீடு பட்ட பாடு இருக்கிறதே. போட்டோ எடுத்தால் எல்லார் முகமும் பாசி பிடித்த குளத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல வந்தது. வாட்ஸப் இல்லை. இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறக்க வைத்தால் பல் துலக்கி, குளித்து, சாமி கும்பிட்டு வரலாம். அப்போதும் பாதிதான் திறந்திருக்கும். பேசினால் எதிராளிக்குச் சில நேரம் கேட்காது. தாமல் சம்பந்தி அனுப்பிய பத்திரிகை மாதிரியைப் பார்க்க முடியாமல், வீரபத்திரன் பஸ் பிடித்துப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

“நைனா, அவங்க என்னை என்னா கேக்குறாங்க தெரியுமா?” என்றாள் சங்கீதா. “உங்கப்பா எங்க மேல கோவமா, ஒரு மெசேஜுக்குக் கூட பதில் இல்லையேன்னு கேக்குறாங்க.”

“கோவம் இல்ல. பாதுகாப்புன்னு சொல்லு.”

“எதுல இருந்து?”

“அதைச் சொன்னா பாதுகாப்பு போயிடும்.”

கலர் அவருக்குச் சமையல்கட்டில் கிடைத்தது. பட்டம்மாள் துவையலுக்குக் கத்திரிக்காயை அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள். தோல் வெடித்து, ஊதாவும் கருப்பும் செம்பும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, ஓரத்தில் சாம்பல் பூத்து நின்றது. வீரபத்திரன் அவள் கையைப் பிடித்துவிட்டார். கல்யாணமான புதிதில் கூட அவ்வளவு ஆசையாய்ப் பிடித்ததில்லை. பட்டம்மாளும் ஒரு நிமிஷம் ஏமாந்துபோனாள். அவர் கத்திரிக்காயை மட்டும் வாங்கிக்கொண்டு, டிபன் டப்பாவில் போட்டு மூடி, சைக்கிள் ஏறிவிட்டார்.

சாயம் போடும் வெங்கடேசன் அவருக்கு முப்பது வருஷச் சிநேகிதர்.

“உன் போன் எங்க?” என்றார் வீரபத்திரன், உள்ளே நுழையும்போதே.

“சட்டைப் பையில.”

“எடு. இந்தக் குண்டான்ல போடு. மூடு.”

“யோவ், உன் கல்யாணப் பொடவைக்கே சாயம் போட்டவன்யா நான்.”

“அதனாலதான் சொல்றேன். அது ரெண்டே தண்ணியில வெளுத்துப் போச்சி.”

வெங்கடேசன் போனைக் குண்டானில் போட்டார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு டீ வாங்கித் தரவில்லை. நாலு நாளில் பட்டு நூல் அந்தக் கத்திரிக்காய்த் தோலே உரிந்து வந்ததுபோல வந்தது. பார்டருக்கு எலுமிச்சைப் பிஞ்சுக் கலர். அந்த நூலை வீரபத்திரன் வேட்டிக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழியில் பார்த்தவர்கள் அவருக்குத் தொப்பை போட்டுவிட்டதாக நினைத்தார்கள்.

அடுத்தது பாவு, புடவையின் நீளவாக்கு நூல். அறுபது முழம் நூலை வீட்டுக்குள் நீட்ட முடியாது, தெருவில்தான் நீட்ட வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு முனையிலும் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்து எடுப்பார்கள். எங்கள் தெருவில் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. பாவு விரிந்திருக்கும்போது யார் வந்து என்ன கேட்டாலும் முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். போகிறவர் வருகிறவர் நின்று ஒரு இழை முடிந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். முகத்தைச் சுளித்தால் இழை அறும் என்று நம்பிக்கை. அதனால் அது எங்களுக்கு யாருக்கும் வெளியே காட்டுவது என்றே தோன்றாது. குழந்தைக்குத் தெருவில் தலை துவட்டுவது மாதிரி.

அன்று வீரபத்திரன் தன் லினக்ஸ் போனைக்கூட நம்பாமல் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு வெளியே வந்தார். பாவு கத்திரிக்காயாய்த் தெருவெல்லாம் மினுங்கியது. கைலாசநாதர் கோயில் பக்கமிருந்து ஒரு பெண் கையில் போனோடு வந்து நின்றாள்.

“அங்கிள், சூப்பரா இருக்குது. என்ன கலர் இது?”

வீரபத்திரன் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “சுட்ட கத்திரிக்காய். கடையில கேட்டா கெடைக்காது. ஊதாவுக்கு மேல செம்பு, செம்புக்கு மேல லேசா கருப்பு. பார்டர் இதுல தெரியாது, நான் சொல்றேன் கேளு. எலுமிச்சைப் பிஞ்சு. பழம் இல்ல, பிஞ்சு. ரெண்டும் சேர்ந்துச்சின்னா...” என்று ஆரம்பித்தவர் ஏழு நிமிஷம் நிறுத்தவில்லை. இடையில் அந்தப் பெண், “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் வரட்டும்” என்றாள். திரும்பினார்.

அவள் நன்றி சொல்லிப் போனாள். ஸ்கூட்டியை ஓரம் கட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சுகாசினி மெதுவாகக் கிட்டே வந்தாள்.

“அண்ணா, அந்தப் பொண்ணு முன்னாடியும் வந்திருக்குதா?”

“ஓ. தையில வந்துச்சி, சித்திரையில வந்துச்சி. மரியாதையான பொண்ணு.”

“அப்பவும் கலர் சொன்னியா?”

“கேட்டா சொல்லாம? பாவு போட்டிருக்கும்போது...” வீரபத்திரனின் வாய் திறந்தபடியே நின்றது. அதற்குள் சுகாசினி அந்தப் பெண் போட்ட வீடியோக்களைத் தன் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். மழைமேகத்துக்குப் பக்கத்தில் வீரபத்திரன். செங்கல்பொடிக்குப் பக்கத்தில் வீரபத்திரன். முதலாவதை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் அவர் நூல் கணக்கு முதற்கொண்டு விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உன் போன் ஒட்டுக் கேக்கல” என்றாள் சுகாசினி. “நீதான் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க.”

வீரபத்திரன் பாவைப் பட்டம்மாளிடம் விட்டுவிட்டு சைக்கிளில் பறந்தார். அன்று அவர் மிதித்த மிதிக்கு சைக்கிள் தரையில் ஓடவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கோயில் புல்தரையில் அந்தப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஸ்ரேயா, திருப்பருத்திக்குன்றத்து நெல் வியாபாரி ரிஷபதாஸின் மகள். கோயில், தறி, தெரு என்று படம் எடுத்துப் போடுவது அவள் வேலை.

“அதைப் போட்டுட்டியாமா?”

“சாயங்காலம்தான் அங்கிள் போடுவேன். உங்க வீடியோதான் நல்லா ஓடுது.”

“ஓட வேணாம். அழிச்சிடு. என் பொண்ணு தாலி கட்டிக்கிற பொடவை அது.” மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னார். கடைவீதியில் தொங்கிய இரண்டு புடவையையும் சொன்னார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குத் தெரியாது அங்கிள். நல்லது பண்றோம்னு நெனச்சேன்.” உடனே போனைத் திறந்து அவர் கண் முன்னால் அழுத்தினாள்.

“போச்சா?”

“இதுல போச்சி.”

“இதுலன்னா? வேற எங்கியாவது இருக்குமா?”

ஸ்ரேயா தயங்கினாள். “எடுக்கும்போதே ஒரு காப்பி தானா நெட்ல ஏறிடும். அதையும் அழிக்கலாம். ஆனா நான் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்லதான் பண்ணணும். நீங்க பார்க்க முடியாது.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை ஆறு ஊர் துரத்தியிருப்பார். அவள் இருக்கிறது என்று சொன்னதில் வீரபத்திரனுக்குத் தன் சந்தேகத்தை எதில் மாட்டுவது என்று தெரியவில்லை. வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். பட்டம்மாள் ரசம் குடிக்கும்போது பார்ப்பதை விட நீண்ட நேரம்.

“அழிக்க வேணாம். அழிச்சதை நான் பார்க்க முடியாது, போட்டா பார்க்கலாம்” என்றார். “ஆவணி பன்னண்டு, ஒம்போதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம். அதுவரைக்கும் போடாத. தாலி ஏறினதும் போட்டுக்க.”

“நம்புறீங்களா அங்கிள்?”

“நம்பல. ஆனா வேற வழி இல்ல.”

அன்றே வெங்கடேசன் வீட்டுக்குப் போய், அவரை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு டீயோடு இரண்டு மசால்வடை வாங்கித் தந்தார். வெங்கடேசன் வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றார்.

“பழைய போனே எடுத்துக்கிறியா?” என்று சுகாசினி கேட்டதற்கு, “இது என்னா தப்பு பண்ணிச்சி, இருக்கட்டும்” என்றுவிட்டார். அதில் தினமும் ஸ்ரேயாவின் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். காலையில் தறியில் உட்காரும்போது திறக்க வைத்தால் ஒரு ஜாண் நெய்து முடிக்கும்போது திறக்கும். கத்திரிக்காய் இல்லை. மறுபடி நெய்வார்.

ஆவணி பன்னிரண்டு. மண்டப வாசலில் ஒரு கையில் சந்தனத் தட்டும் ஒரு கையில் போனுமாய் நின்ற வீரபத்திரன், வந்தவர்கள் முகத்தைப் பார்த்து ஒருவரையும் வரவேற்கவில்லை. புடவையைப் பார்த்துத்தான் வாங்க என்றார். ஒரு அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நிழலில் அவள் புடவை ஊதாவும் கருப்புமாய்த் தெரிந்தது. வீரபத்திரன் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். முந்தானைக்கு அரை முழம் கிட்டே குனிந்து பார்த்தார். அரக்கு. வெறும் அரக்கு.

“என்னாயா பார்க்கிற?” என்றாள் அவள். மாப்பிள்ளையின் பெரியம்மா. “வயசு என்னா உனக்கு? கையில போன் வேற.”

“இல்லமா, கலர்...”

“கலர் பார்க்கிற வயசா இது?”

பட்டம்மாள் வந்து சமாதானம் சொல்லி அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அதற்குள் உள்ளே மேளம் மாறிவிட்டது. வீரபத்திரன் ஓடிப்போய் மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். சங்கீதா கத்திரிக்காயில் உட்கார்ந்திருந்தாள். ஓமப் புகைக்குள் அந்த ஊதாவில் செம்பு ஏறி ஏறி இறங்கியது. நானூறு பெண்கள் இருந்த மண்டபத்தில் அந்தக் கலர் அவள் ஒருத்தி மேல்தான் இருந்தது. தாலி ஏறியது. அட்சதை போட வேண்டிய கையால் வீரபத்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருவமெல்லாம் அரிசி ஒட்டிக்கொண்டது.

பந்தியில் உட்காரும்போது போனில் பக்கத்தைத் திறக்க வைத்தார். பாயசம் வந்த நேரத்தில் அது திறந்தது. கத்திரிக்காய் வந்துவிட்டிருந்தது. பத்து நாற்பதுக்குப் போட்டிருந்தாள். பட்டம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

“பத்தரை வரைக்கும்தான முகூர்த்தம்” என்றார் வீரபத்திரன். “பத்து நிமிஷம் ஏன் சேர்த்து விட்டிருக்குது இந்தப் பொண்ணு?”

“தாலி கட்ட லேட்டானாலும் ஆவும்னு விட்டிருப்பா. பாயசத்தைக் குடிங்க.”

அவர் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அவளை முதலில் குடிக்கச் சொல்லாமல் நேராகக் குடித்துவிட்டார்.