சுடலைராஜ் ஆட்டத்துக்கு முன்னால் குடித்தது

ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற சுடலைராஜுக்கு ஊரார் காலெல்லாம் அத்துப்படி. பஸ் ஓட்டின கால், நின்றே வியாபாரம் பார்த்த கால், எதுவானாலும் அவன் விரல் பட்டால் கதை சொல்லிவிடும். அவன் கால்தான் அவனுக்குப் பிடிபடவில்லை, பாத்துக்கிடுங்க. கபடியில் முதல் பாதி துள்ளுவான். இரண்டாம் பாதியில் 'கபடி கபடி' என்று பாடிப் போனால், எதிராளியைத் தொடுமுன்னே கண் இருட்டும், தொடை நடுங்கும்.

அணித்தலைவன் சங்கிலிப்பாண்டி ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

"ஏலே, அடுத்த ஞாயிறு கடையத்துல ஆட்டம். அங்கனயும் பாதியில படுத்தேன்னா, அப்புறம் நீ எங்க காலுக்கு எண்ணெய் தேய்க்கத்தான் லாயக்கு. முப்பத்திநாலு வயசாச்சுலே உனக்கு."

"உனக்கு என்னைவிட ரெண்டு கூடல்லா?"

"நான் பிடிக்க நிக்கேன். பாடவா போறேன்?"

கேட்டுச் சிரித்துவிட்டு வந்தானே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதினாறு வயதில் பிடித்த இடம். லேசில் விட மனசு வருமா?

எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். வேலைக் களைப்பு என்று சொல்ல வழியில்லை. அருவியில் தண்ணியே இல்லாத மாசியில் சும்மா கிடந்தபோதும் கால் இப்படித்தான் சோர்ந்தது. மிச்சம் இருந்தது குடிக்கிற சமாசாரம் ஒன்றுதான். முன்னெல்லாம் பாக்கெட் குளுக்கோஸ். சீனி ஆகாது என்று யாரோ சொல்ல, ஒரு வருஷமாகக் கருப்பட்டிப் பானகம். சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, ஆட்டத்துக்கு அரைமணி முன்னே ஒரு செம்பு. கருப்பட்டியைச் சீனிக் கணக்கில் நம்ம பக்கம் யார் சேர்ப்பார்?

தென்காசியில் கூழும் கருப்பட்டிக் காப்பியும் விற்கிற சைதூன் பீவியும் சேர்க்கமாட்டாள். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. சீனியைக் கையால் தொடமாட்டாள், ஆனால் கருப்பட்டிக் காப்பி நாளைக்கு மூன்று. துபாயில் இருக்கிற மகன் அனுப்பின சுகர் மிஷின் கடை அலமாரியிலேயே இருக்கும். அதைப் பார்த்ததும் சுடலைராஜுக்கு ஒரு குறுகுறுப்பு.

"அக்கா, இந்தப் பெட்டி எனக்கும் சொல்லுமா?"

"ஏன், உனக்கும் வந்துட்டா?"

"வியாதி இல்லக்கா. பானகம் உள்ள போயி என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

"கருப்பட்டி என்ன செய்யும்? அது மருந்துலே!"

சொன்னாளே ஒழிய, அவளுக்கும் பார்க்கவேண்டும்போல இருந்தது. புது ஊசி மாட்டிக் குத்தினாள். வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. அவனே கருப்பட்டியை உடைத்துக் கரைத்துக் குடித்தான். அரைமணி கழித்து மறுபடி விரலை நீட்டினால், முந்நூற்று நாற்பது!

"அல்லாவே! ஆஸ்பத்திரிக்குப் போ!" என்று பீவி அலறிவிட்டாள். சுடலைராஜ் மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகுதான் விரலைத் தடவிப் பார்த்தான். பிசுபிசு என்றிருந்தது. உடைத்த கருப்பட்டி விரலிலேயே ஒட்டிக்கிடக்கிறது! சோப்புப் போட்டுக் கழுவி, புது ஊசியில் குத்தினால் நூற்று அறுபத்தொன்று.

"வயிறு குடிச்சது போக, கை குடிச்சதையும்லா சேர்த்துச் சொல்லியிருக்கு!" என்றான். பீவி சிரிக்கவில்லை. நூற்று அறுபத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூன்றாவது காப்பியை அவள் ஆற்றவில்லை.

அந்த வேகத்திலேயே குற்றாலம் ரோட்டில் ஓடிவிட்டு வந்தான். வரும்போதே முட்டி ஆடியது, கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டான். மிஷினில் அறுபத்தாறு.

"ஏறினதெல்லாம் எங்கக்கா போச்சு?"

"இந்தா, முதல்ல இதைக் குடி" என்று மிச்சப் பானகத்தையே வாயில் ஊற்றினாள். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தான். கீழே தள்ளினதும் கருப்பட்டி, தூக்கிவிட்டதும் கருப்பட்டி. இது என்ன கூத்து?

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக் கிடந்து, காலையில் வந்து பீவியிடம் சொன்னான். "இனிப்பு சரசரன்னு ஏறினா, அதை இறக்க உடம்பு ஒரு ஆளை அனுப்புது போலக்கா. அதே நேரம் நான் ஓடி வேற அதைத் தின்னுதேன். ரெண்டு பேரு சேர்ந்து தின்னா சட்டியில என்ன மிஞ்சும்? மெல்ல ஏறுத ஒண்ணுதான் முன்னால வேணும். கருப்பட்டி ஓடி முடிச்ச பொறவுதான்."

அன்று இளநீர் குடித்து ஓடினான். வயிறு லேசாக இருந்தது, ஆனால் சீக்கிரம் பசித்தது. மறுநாள் மோர் விட்ட கம்பங்கூழ், உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு. அதையும் பழக்கதோஷத்தில் அரைமணி முன்னே குடித்துத் தொலைத்தான். ஓடினால் வயிற்றுக்குள் கூழ் குடம் மாதிரித் தளும்புகிறது! அடுத்த நாள் ஒன்றரை மணி முன்னே, அதையும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக் குடித்தான். ஓடப் போகுமுன் நூற்றுப் பதினெட்டு. ஓடி வந்தபின் தொண்ணூற்று நாலு. கால் கால் மாதிரியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையத்தில் நல்ல வெயில். ஆட்டத்துக்கு முன் எல்லாரும் கோயில் பானகச் செம்பை நீட்ட, "பொறவு" என்று தள்ளிவைத்தான்.

"சாமி பிரசாதத்தையே வேண்டாம்ங்கான் பாரு" என்றான் சங்கிலிப்பாண்டி.

"ஊத்தி வையி. ஆட்டம் முடிஞ்சு கேப்பேன்."

இரண்டாம் பாதி வந்தது. முதல் தடவை பாடிப் போனான், ஒருவனைத் தொட்டுத் திரும்பினான். கண் இருட்டவில்லை. மறுபடி போனான். கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது, சங்கிலிப்பாண்டி வேறு யாரையும் பார்க்காமல் அவனைத்தான் கைகாட்டினான். போனான். மூன்று பேர் விழுந்து பிடித்தார்கள். இழுத்துக்கொண்டு வந்தவன் கோட்டுக்கு ஒரு சாண் இருக்க அமுங்கிப்போனான்.

இரண்டு புள்ளியில் தோற்றார்கள். புழுதியோடு எழுந்து நின்றவனின் ஆடுசதையைச் சங்கிலிப்பாண்டி குனிந்து அழுத்திப் பார்த்தான். நடுக்கம் இல்லை.

"மூணு பேரு ஏறி விழுந்தா எருமையும் விழும்லே. உன் காலு நின்னுட்டுல்லா. அடுத்தது செங்கோட்டையில. நீதான் பாடுத" என்று சொல்லிப் பானகச் செம்பை எடுத்தான். "இப்பமாவது குடிப்பியா?"

"இப்பந்தாம்லே குடிக்கணும்" என்று வாங்கினான். குத்திப் பார்க்க மிஷினா இருக்கிறது? கை கழுவவில்லை.