ரசமட்டமும் கலவை மெஷினும்

அவனுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தது சைட்டில் இருந்தவர்கள். கட்டு சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் கருவி, அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிகிறவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? வீட்டிலும் சும்மா இருக்கமாட்டான். மேசைமேல் வைத்துப் பார்ப்பான், ஃபிரிட்ஜ்மேல் வைத்துப் பார்ப்பான். கட்டில் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு, "இனிமேத்தான்மா எனக்குத் தூக்கமே வரும்" என்பான். இனி எங்கிருந்தோ வரப்போகிற மருமகளை நினைத்து அம்மாவுக்கு இப்போதே பாவமாக இருந்தது.

எப்போதும் குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்கிறவனுக்கு முடிவெடுக்க மட்டும் வராது. துணிக்கடைக்குப் போனால், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும்வரை இரண்டு சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவன் தலையில் ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்து விழுந்தன.

படிப்பை முடித்து ஒரு சின்ன பில்டரிடம் சைட் இன்ஜினியராக மூன்று வருடம் ஓட்டியிருந்தான். "அடுத்த பில்டிங்க முழுசா நீயே பாத்துக்கப்பா. நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்" என்றார் முதலாளி. எட்டிப் பார்க்காமல் இருக்கவே முடியாத மனிதர் அப்படிச் சொன்னது பெரிய மரியாதை. அதே வாரம் ஒரு பெரிய கம்பெனியின் திட்டமிடும் பிரிவிலும் அவனுக்கு இடம் கிடைத்தது. ஏசி அறை, சுழல் நாற்காலி. எந்த வேலை எப்போது முடிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினால் போதும். வருகிறானா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் மேனேஜருக்குச் சொல்லிவிட வேண்டும்.

"வெயில்ல கருகினது போதும்டா தம்பி. உன் சட்டையத் துவைச்சே நம்ம வாஷிங் மெஷின் கான்கிரீட் ஆயிடுச்சு" என்றாள் அக்கா.

"நாற்காலி சுத்துமாமே! யோசிக்காம போயிடுடா" என்றாள் அம்மா.

"அங்க போயிட்டா கைவேலை மறந்துடும்மா. இங்கயே இருந்துட்டா பெரிய எடத்துல அப்புறம் சேத்துக்கமாட்டாங்க."

"அப்ப என்னதான்டா பண்ணப் போற?"

"அதான் யோசிக்கிறேன்."

கிண்டல் இருக்கட்டும், பயல் உண்மையிலேயே பயந்துபோயிருந்தான். அஸ்திவாரம் கோணினால் மேலே எழும்புவதெல்லாம் கோணல் என்று படித்தவன். இந்த வயதில் வேலையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் தன் ஆயுசே கோணிப்போகும் என்று நம்பினான்.

ஆபீஸ் வேலை ஒத்துவருமா என்று பார்க்க, ஓடிக்கொண்டிருந்த சைட்டுக்கே ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினான். அற்புதமாக வேலை செய்தது. செங்கல் சொன்னபடி வந்தது, கொத்தனார்கள் சொன்னபடி சுவர் எழுப்பினார்கள். சுவர் எங்கே கோணினாலும் "பூச்சுல சரி பண்ணிக்கலாம் சார்" என்று சொல்லி அவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் மேஸ்திரிகூட வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை கீழ்த்தளத்திலிருந்து முதலாளியின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பின்பக்க அறைக்குள் கலவை மெஷின் நிற்கிறது. மழைக்கு ஒதுக்கமாகத் தளத்துக்கு அடியில் நிறுத்தி வைத்திருந்த மெஷின். அதைச் சுற்றி நாலு பக்கமும் சுவர். கதவு நிலையில் ஓர் ஆள் தாராளமாக நுழையலாம். மெஷின் ஆளில்லையே!

"மேஸ்திரி, இத வெளிய எடுக்கணும்னு ஒருத்தருக்குமா தோணல?" என்றார் முதலாளி.

"அட்டவணைல போடலியே சார்."

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "நான் இது மெஷின் ரூம்னு நெனச்சு பிளக் பாயின்ட்டே வச்சிட்டேன் சார்."

ரசமட்டத்துக்கு மானம் கப்பலேறியது. உடைக்க வேண்டிய சுவரோ அவன் பக்கத்திலேயே நின்று, வரிக்கு வரி ரசமட்டம் வைத்துக் கட்டவைத்தது. யாரையும் தொடவிடாமல் சுத்தியலைத் தானே வாங்கினான். முதல் அடியில் கண்ணை மூடிக்கொண்டான். பத்தாவது அடியில் சிரிப்பு வந்துவிட்டது. மதியத்துக்குள் மெஷினை வெளியே இழுத்துப் போட்டார்கள். கலவை போட்டுத் திரும்பவும் சுவர் கட்டத் தொடங்கினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவனுக்கு மேனேஜர் ஞாபகம் வந்தது. எதிர்க் கொட்டகையில் சிமெண்ட் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து போன் போட்டான்.

"சொல்லுங்க தம்பி, என்ன முடிவு பண்ணீங்க?"

ஏசி, நாற்காலி, அம்மா, அக்கா எல்லாரும் வரிசையாக மனதில் வந்து நின்றார்கள். "சார், ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். நான் வந்து..." என்றவன் தற்செயலாகத் திரும்பினான்.

மழையில் நனையக் கூடாதென்று மெஷினை உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். அதை மறைத்துக்கொண்டு புதுச் சுவர் இடுப்புயரம் வந்துவிட்டது. மேஸ்திரி மும்முரமாக அடுத்த செங்கல்லை வைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ் மேஸ்திரி! நிறுத்துய்யா! நம்ம மெஷின் மறுபடியும் உள்ள இருக்குய்யா!"

போனில் மேனேஜர் "ஹலோ, ஹலோ" என்றார்.

"சாரி சார்! ஒரு நிமிஷம், அஞ்சே நிமிஷம், நானே கூப்பிடறேன்..."

மேனேஜர் சிரித்தார். "வேணாம் தம்பி. பதில் கெடச்சிருச்சு. மொதல்ல போய் உங்க மெஷின வெளிய எடுங்க."

போனைப் பைக்குள் போட்டபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கட்டில் காலுக்கு அட்டை வைத்த அன்றுகூட இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. மழையில் இறங்கி ஓடினான்.

மெஷினை வெளியே எடுத்து, அவசர அவசரமாக சுவரை மேலே கொண்டுபோனார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கி நின்றது. மேஸ்திரி அவன் முகத்தையே பார்த்தார். அவன் கருவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"அப்ப அந்தச் சுத்துற நாற்காலி?"

ரசமட்டம் சேறு அப்பிய சட்டையைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தான்.

"பூச்சுல சரி பண்ணிக்கலாம்மா."