அம்சத்தின் முழங்காலும் ஒரு டிராக்டர் பம்பரும்

நீடாமங்கலத்தில் நான் வெல்டிங் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரே பம்பரை மூன்று தடவை செய்ய வைத்தவர் ஒருவர்தான். அம்சம். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம் வரும். கோபம் முடிவதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

அம்சம் பதினெட்டு வருடம் சுற்றுப்பட்டு வயல்களில் நடவு நட்டவர். அவர் வீட்டுக்காரர் ரெத்தினம் அடுத்தவர்களின் டிராக்டரை ஓட்டியவர். போன சித்திரையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பழைய டிராக்டரை வாங்கினார்கள். அவர்கள் தெருவுக்கு அதுதான் முதல் டிராக்டர். ஆனால் முன்னால் பம்பர் கிடையாது. முன்பு வைத்திருந்தவர் எந்தப் பாலத்துக் கட்டையிலோ மோதி நசுக்கியிருந்தார். பம்பர் இல்லாமல் வாய்க்கால் கரையில் போகிற டிராக்டரின் ரேடியேட்டருக்கு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. தவிர, சேற்றில் உழும்போது முன்பக்கம் தூக்காமல் இருப்பதற்கும் அந்தக் கனம் வேண்டும்.

இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தார்கள்; ரெத்தினம் போனில் ஒரு பம்பர் படத்தை நீட்டினார். “செல்வண்ணே, இதப் பாருங்க. மூணு அடுக்கு. நடுவுல சிங்க மூஞ்சி. யான முட்டுனாலும் அசையக் கூடாது!”

“நீடாமங்கலத்துல யானைக்கு எங்கங்க போவீங்க?” என்றார் அம்சம்.

அதோடு அவர் பேச்சு முடிந்தது. பம்பர் விஷயத்தில் பொம்பளையிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். மடையன் நான்! இருக்கிற கனமான இரும்புச் சேனலை எல்லாம் போட்டு நூற்றைம்பது கிலோவில் அடித்துக் கொடுத்தேன். எலுமிச்சம்பழம், சந்தனப் பொட்டு, கற்பூரம் என்று பூசை அமர்க்களப்பட்டது. ரெத்தினம் சாலையில் வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்தி அழகு பார்த்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்சம் மட்டும் வந்தார்.

“அண்ணே, அந்த பம்பரை நறுக்கிடுங்க.”

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. “ஏம்மா, அது என்ன வெண்டைக்காயா?”

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஊரில் நிலக்காரரான நாகநாதன் ஐயாவுக்குப் பள்ளத்து வயல் என்று ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. உளைச் சேறு. இறங்கிய டிராக்டர் எல்லாம் புதைந்து போனதால் இரண்டு வருடமாகத் தரிசு. சிங்கப்பூரில் இருக்கிற அவர் மகன் பிரபு, மீன் குட்டை வெட்டிவிடலாம் என்கிறான். தரிசாகும் வரை அதில் நடவு நட்ட அம்சம் அந்த வயலைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார். ஐயாவும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: வெள்ளிக்கிழமைக்குள் உழுது காட்டினால் வயல் அம்சத்துக்கு. இல்லையென்றால் சனிக்கிழமை பொக்லைன் வந்து தோண்டிவிடும்.

“கனத்தக் கொறச்சா வரப்பு ஏறயில முன்னால தூக்கிக் கவுந்துரும்மா. வெளையாட்டு இல்ல” என்றேன்.

“கனம் இருந்தா வடகிழக்கு மூலையில மூக்கக் குத்திக்கிட்டு நிக்கும்ணே. அங்க எனக்குத் தொட வரைக்கும் போவும்.”

“உன் காலு சொல்றத வச்சு நான் இரும்ப அறுக்கணுமா?”

“ஆமா. வண்டியில ஏறுங்க, காட்டுறேன்.”

அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. பள்ளத்து வயலில் தண்ணீர் கட்டியிருந்தது. அம்சம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. “இங்க கணுக்கால். அந்த ஒத்தப் பனைக்கு நேரா கெண்டக்கால். இது முழங்கால்” என்று தன் தெருவில் யார் வீடு எது என்று சொல்வது போல நடந்துகொண்டே சொன்னார். ஒவ்வோர் இடத்திலும் கால் அவர் சொன்ன அளவுதான் இறங்கியது. எனக்குத்தான் சந்தேகப் புத்தியாயிற்றே, மூலையில் நானே காலை வைத்தேன். தொடை வரைக்கும் வாங்கிக்கொண்டது. காலை உருவினேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

“ஆழம் தெரியாம கால விடாதன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று அம்சம் வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கோபப்படத்தான் நினைத்தேன். என்னாலும் முடியவில்லை.

“சரிம்மா, தோத்துட்டேன். ஆனா ஒரே வயலுக்கு மூணு விதமாக் கனம் வேணும். அதுக்கு நான் எங்க போறது?”

“நாத்துமுடியை ஒரே எடத்துலயாண்ணே கொட்டுறோம்? எங்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு வீசுறோம்ல? கனத்தையும் அது மாதிரி முடி முடியா வச்சா என்ன?”

இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தோன்றாதது!

புதன்கிழமை கட்டரை எடுத்தபோது ரெத்தினம் பம்பரைக் கட்டிக்கொள்ளாத குறைதான். “பூசை போட்டத அறுக்கக் கூடாதுண்ணே!”

“சாமிக்கு நம்ம ஊரு சேறு தெரியும். நீங்க தள்ளி நில்லுங்க” என்றார் அம்சம்.

சந்தனப் பொட்டு வைத்த நடுக்கம்பியை மட்டும் தொடாமல், மற்றதை அறுத்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, மெலிந்த பம்பர் ஒன்று மிஞ்சியது. அதில் எட்டுக் கொக்கி வைத்தேன். கொக்கிக்கு ஒன்றாக மாட்ட, பதினைந்து கிலோவில் எட்டு இரும்புத் தகடுகள். வியாழக்கிழமை அம்சம் மறுபடி வந்து நின்றார். தகடு ஆடி ரேடியேட்டரைத் தட்டுகிறதாம். திட்டிக்கொண்டே குறுக்கே ஒரு கம்பி வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். அது மூன்றாவது தடவை.

வெள்ளிக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன். ரெத்தினம்தான் ஓட்டுவார் என்று நினைத்திருந்தேன். சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்சம் ஏறி உட்கார்ந்தார். ரெத்தினம் வண்டி வாங்கிய நாளிலிருந்தே களத்தில் ஓட்டப் பழக்கியிருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. நாகநாதன் ஐயா குடையோடு வரப்பில் நின்றார்.

“ரெண்டக் கழட்டுங்க!” பனைக்கு நேராக வந்ததும் அம்சம் வண்டியை நிறுத்திக் கத்தினார். ரெத்தினம் தகடுகளைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வரப்புக்கு நடந்தார். “இன்னும் ரெண்டு!” மறுபடி நடந்தார். மிச்சம் நாலும் இறங்கி, மூலைக்கு வந்தபோது கொக்கியில் ஒன்றும் இல்லை. பின்னால் சேற்றுக்காக மாட்டியிருந்த இரும்புச் சக்கரம் சேற்றை வாரி எறிந்தது. முன்பக்கம் ஒரு சாண் உள்ளே போனது. அம்சம் பதறவில்லை. வேகத்தைக் குறைத்து, கால் வைத்துப் பார்க்கிற மாதிரி மெதுவாக நகர்த்தினார். மூக்கு மேலே வந்தது. வண்டி திரும்பியது. “அடி சக்கை!” என்று நான் கத்தியது ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

வயல் முழுக்க உழுதானது. எட்டுத் தகட்டையும் மாட்டிக்கொண்டு வண்டி ஆடாமல் வரப்பேறியது. ஐயா குடையை மடக்கினார். போனை எடுத்துப் பிரபுவிடம், “நாளைக்குப் பொக்லைன் வரவேணாம்பா. இங்க குட்டையெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு அம்சத்தைப் பார்த்து, “எறங்கி வாம்மா, குத்தகைச் சீட்டு எழுதிரலாம்” என்றார்.

“இருங்கய்யா, இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்.”

“அதான் முடிஞ்சிருச்சே, டீசலுக்குக் கேடா!” என்று நான் கத்தினேன்.

அம்சம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பினார். முகமெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. “நடவு நடுறவ குனிஞ்சு பின்னாலயேதாண்ணே நகரணும். பதினெட்டு வருசமா வயல்ல பின்னாலயேதான் போயிருக்கேன். இன்னொருக்கா முன்னால போயிக்கிறேன்.”

ரெத்தினம் தகடுகளை மறுபடி கழற்ற ஆரம்பித்தார். ஒற்றைத் தகட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் நடந்தேன்.