டெல்லிக்கு நாலு நடை உயரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருசமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், எழுத்து கோணலாகத்தான் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வீர்கள். ஆனால் சாமி காரியத்தில் பொய் கலந்துவிட்டது. சொன்னால் குற்றமா, சொல்லாவிட்டால் குற்றமா என்ற பயத்திலேயே இத்தனை நாள் ஓடிவிட்டது.

போன வாரம் பொழுது சாயும் நேரம், சென்னையிலிருந்து மகள் போன் செய்து என்னை மாடிக்குப் போகச் சொன்னாள். மோகனூர் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் சத்தமே இல்லாமல் ஏறி வந்து தலைக்கு மேலே போனது. ஆள்கள் தங்கியிருக்கும் விண்வெளி நிலையமாம். எவ்வளவு உசரம் கண்ணு என்று கேட்டேன். நானூறு கிலோமீட்டர் என்றாள். இங்கிருந்து சென்னையைத் தாண்டிக் கொஞ்சம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் இந்தூருக்கு லாரி ஓட்டிப் போன நாள்களில், ஆகாயத்தில் போகும் அந்த ஆள்களைவிட நாலு மடங்கு தூரத்தில் இருந்திருக்கிறார்.

அவர் சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். அந்த வாசமும் சூடமும் டீசல் புகையும் கலந்து வாசலில் வெகுநேரம் நிற்கும். இன்றைக்கும் ரசத்துக்கு எலுமிச்சை பிழிந்தால் யாரையோ வழியனுப்புகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வண்டி திரும்பும்வரை தினமும் ஊர் மாரியம்மனுக்கு விளக்குப் போடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். பதினெட்டு வருசம் போட்டேன்.

பிறகு ஓனர் வண்டியில் ஜி.பி.எஸ். பெட்டி மாட்டினார். போனில் புள்ளி பச்சையாக நகர்ந்தால் வண்டி ஓடுகிறது, சிவப்பானால் நிற்கிறது. மேலே சாட்டிலைட் என்று ஒரு கண் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஆயுத பூசைக்குப் போனுக்கும் பொட்டு வைத்தவள் நான், சிரிக்காதீர்கள். ஒருநாள் மழை, கோயிலுக்குப் போகவில்லை. மறுநாள் கால்வலி. புள்ளிதான் நகர்கிறதே என்று விளக்கு அப்படியே நின்றுபோனது.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு, மகாராஷ்டிரத்தில் ஒரு மலைப்பாதை வளைவில் புள்ளி நின்றது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, சாம்பல் நிறம். அவர் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. பத்து மணிக்கும் அதே இடம். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோட்டுக் கோட்டை ஒட்டி ஒன்றுமே இல்லாத வெறும் இடம். பள்ளம் என்று மனசு சொன்னது.

நாமக்கல் லாரி ஆபீசுக்கு பஸ் ஏறினேன். கோயிலைத் தாண்டித்தான் பஸ் போனது. இறங்கிக் கும்பிடத் தைரியம் வரவில்லை, எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆபீசில் கிளார்க் செல்வராசு டீ குடித்துக்கொண்டிருந்தான். வண்டி ரோட்டில் இருக்கிறதா பள்ளத்தில் கிடக்கிறதா என்று மேலே இருக்கும் சாட்டிலைட்டைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

"அக்கா, அது ஒண்ணையும் பாக்காதுங்க. இருவதாயிரம் கிலோமீட்டர் மேல சுத்துது. டெல்லிக்கு நாலு நடை போயிட்டு வர்ற தூரம். இப்ப மணி என்னன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கும். பொட்டிதான் அதைக் கேட்டு எடத்தைக் கணக்குப் போட்டு, டவர் வழியா நமக்குச் சொல்லுது. டவர் இல்லீன்னா புள்ளி நின்னுரும்."

"அப்ப அவரை யாருதான் தம்பி பாக்கறாங்க?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "யாருமில்லீங்க்கா."

என்னைத் தேற்ற நினைத்தானோ என்னவோ, டிவிக்குப் படம் அனுப்பும் சாட்டிலைட் இன்னும் உயரம், ஏழு நடை போய் வந்தாலும் கொஞ்சம் பாக்கி இருக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தனை நடை தூரத்துக்கும் மேலே ஒரு கண்கூட இல்லை. பார்க்க இருந்த ஒரே கண் மாரியாத்தா, அவள் முன்னால் நானே விளக்கை நிறுத்திவிட்டேன்.

ஒன்றரை மணிக்கு அவர் போன் வந்தது. முன்னால் போன லாரி அச்சு முறிந்து வழியை அடைத்துவிட்டதாம். அந்த வளைவில் டவர் இல்லை. க்ளீனரும் அவரும் வண்டியோரம் அடுப்பு மூட்டி உப்புமா கிண்டிச் சாப்பிட்டார்களாம். நான் அழுதேன்.

"ஏம்புள்ள, உப்புமா மிச்சம் வெக்கலீன்னா அழுவுற? ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரேன், கிண்டித் தாரேன்" என்றார்.

அந்த வருசத் திருவிழாவில் பூசாரி மைக்கில் பேசினார். பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால் சிவப்புப் பாவாடை கட்டிய சிறுமி என் வீட்டுக்காரர் வண்டியை மறித்து நின்றாளாம். நாள் தவறாமல் நான் போட்ட விளக்குத்தான் காத்ததாம். பெண்கள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விளக்கை நிறுத்தியதை நான் சொல்லவில்லை. அவர் மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ரோடு பிளாக்கு" என்பார்.

அவர் தவறிப்போய் இரண்டு வருசமாகிறது. வண்டி கைமாறிவிட்டது, பெட்டியையும் கழற்றிவிட்டார்களாம். ரோடு பிளாக்கு என்று சொல்ல ஊரில் இப்போது ஆள் இல்லை. சிறுமி கதை மட்டும் வருசத்துக்கு வருசம் வளர்கிறது.

படித்தவர்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தச் சிறுமியைச் சேர்த்துவிடாதீர்கள். நான் போடாத விளக்கையும் சேர்க்காதீர்கள். விளக்கை மறந்தவளின் புருசனைத்தான் ஆத்தா வீடு கொண்டுவந்து சேர்த்தாள்.