ஒலித்த இடத்தில் போட்ட வட்டம்

லிமன் ஆலியின் மேல்கோட்டுப் பையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல். மற்றொன்று, நீலச் சாக்பீஸ். ஸ்பூனர் துறையில் பழைய படகு கைமாறுவது இந்த இரண்டையும் நம்பித்தான்.

லிமனிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. காப்பீட்டுக்காரர்கள் அனுப்பும் ஆள் கருவியோடும் காகிதத்தோடும் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் கார் மேட்டைத் தாண்டி மறைந்த பிறகுதான், "சரி, இனி லிமனைக் கூப்பிடு" என்பார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அந்தக் கீழ்க்கரையில் சிங்கி இறால் பிடித்துப் பிழைக்கும் நாற்பது குடும்பங்களும் அவருடைய காதை அப்படி நம்பின.

படகின் மூக்கான அணியத்தில் தொடங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டாகப் படகின் வயிறு முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் 'டக்' என்று வெடிப்பாகப் பேசும். உள்ளே தண்ணீர் குடித்து ஊறிய இடம் 'தொப்' என்று செத்த சத்தம் போடும். செத்த சத்தம் கேட்ட இடத்தில் நீல வட்டம் விழும். அந்த வட்டத்தை விற்பவனும் அழிக்கக் கூடாது, வாங்குபவனும் அழிக்கக் கூடாது. லிமன் அழிக்கலாம், இல்லாவிட்டால் கடல் அழிக்கலாம். ஒரு வட்டமும் விழாவிட்டால், கடைசியில் அணியத்தில் வலது கையை வைத்து ஒரு கணம் நிற்பார். அதற்குமேல் அந்தத் துறையில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அவருக்கு விசித்திரமான ஒரு பிடிவாதம் இருந்தது. துறையில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரியும்வரை சுத்தியலைத் தொட மாட்டார். யார் காலில் விழுந்தாலும் சரி.

"கரடிக்கும் நம்ம லிமனுக்கும் குளிர்காலம் பூரா தூக்கம்யா" என்று படகுத்துறைப் பட்டறையில் வேலை செய்யும் கர்ட்டிஸ் கேலி செய்வான். "கரடியாவது உடம்பு முழுக்கத் தூங்கும். இவருக்குக் காது மட்டும் தூங்குது!"

எல்லாரும் சிரிப்பார்கள். லிமனும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக ஒரு மனிதன் மூழ்கிக்கொண்டே இருந்தான் என்பது அவருடைய அண்ணன் ஹார்லனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மூழ்கியவன் பெயர் டேல். இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஏழு வருடம். ஒரு பிப்ரவரி மாதம், எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் உறைந்துவிடும் குளிரில், தான் வாங்கப்போகும் படகைத் தட்டிப் பார்க்கச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் தனியாக வந்தான். லிமன் தட்டினார். அணியம் முதல் பின்கட்டு வரை கோயில் மணி போல ஒலித்தது. கையை வைத்தார். டேல் ஏப்ரலில் அந்தப் படகை வாங்கி, அதற்குத் தன் மகள் கேலாவின் பெயரையே வைத்தான். அக்டோபரில் ஒரு கொந்தளிப்பில் படகின் அடிவயிறு பிய்ந்தது. படகும் வரவில்லை, அவனும் வரவில்லை.

நவம்பரின் முதல் கடுங்குளிரில் லிமன் பட்டறைக்குப் பின்னால் கிடந்த உடைசல் படகு ஒன்றைத் தட்டினார். கோடையில் அவரே பத்து வட்டம் போட்டு ஒதுக்கிய படகு அது. அன்றைக்கு அது 'டக், டக்' என்று குறையே இல்லாமல் ஒலித்தது. பைபர் தகடுகளுக்கு நடுவே இருந்த மரத்தில் ஊறிக் கிடந்த தண்ணீர் உறைந்து கல்லாகியிருந்தது. கல் கெட்டியாகத்தானே ஒலிக்கும்? சுத்தியல் பொய் சொல்லவில்லை. கேட்ட காதுதான் ஏமாந்திருந்தது. லிமன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனிடம் மட்டும் சொன்னார். டிசம்பரில் விசாரணைக்கு வந்தவர்களிடம் ஹார்லன் அசையாமல் பேசினார்: "தம்பி அந்தப் படகைத் தட்டினது ஏப்ரல்ல. நான் பக்கத்துல நின்னேன்." தம்பியும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு கதவு சாத்திக்கொண்டது. சாவி அண்ணன் பையில்.

டேலின் மனைவி நோரீன், அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லிமன் வீட்டுக்கு ப்ளூபெர்ரிப் பழம் பொதித்த 'பை' பலகாரம் ஒன்று சுட்டுக்கொண்டு வருவாள். "டேல் உங்களை எவ்வளவு நம்பினான் தெரியுமாண்ணே!" என்பாள். தனிக்கட்டையான லிமன் அந்தப் பையை ஒரு வாரம் மேஜைமேல் வைத்திருப்பார். ஒரு துண்டுகூடத் தின்னாமல் கொட்டிவிடுவார். பிறகு பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு வருவார். பன்னிரண்டு பை. பன்னிரண்டு பொய்.

இந்த வருடம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை மதியம், ஹார்லன் முழங்காலைப் பிடித்துக்கொண்டே தம்பியின் சமையலறைக்குள் வந்தார்.

"'ஜூடித் ஆன்' போகப்போகுதுடா. ஆள் கிடைச்சாச்சு."

லிமன் அவித்துக்கொண்டிருந்த பீன்ஸை அடுப்பிலிருந்து இறக்கினார். ஜூடித் ஆன் ஹார்லனின் படகு; அவர் மனைவியின் பெயர். போன செப்டம்பர் மூடுபனியில் அது பாறையில் உரசியபோது லிமனும் அதில்தான் இருந்தார். வலதுபக்க அடிவயிற்றில் மேல்தகடு விரிந்தது. பிரித்து, உலர்த்தி, உள்ளிருக்கும் மரத்தை மாற்றச் சொன்னார். ஹார்லன் மேலே ஒட்டுப்போட்டு இரண்டு மாதம் ஓட்டினார். பிறகு கரையேற்றிப் புதுச் சாயம் அடித்துவிட்டார்.

"யாரு வாங்குறா?"

"நோரீன்."

லிமன் கரண்டியை மேஜைமேல் வைத்தார்.

"பன்னெண்டு வருஷமா ஊரான் படகுல இறால் கூண்டு இழுத்திருக்கா. இப்பச் சொந்தமா, மகளையும் கூட்டிக்கிட்டுப் போகணுமாம். கேலாவுக்குப் பதினெட்டாச்சுல்ல? சனிக்கிழமை காலைல தட்டிப் பார்த்துடு."

"பனி உடையட்டும்ணே."

"திங்கக்கிழமை வேற ஊர்க்காரன் வரான்னு அவகிட்டச் சொல்லிட்டேன். அவ காத்திருக்க மாட்டா."

"அண்ணே, அந்தப் படகு எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"தெரியும். குளிர்ல அது எப்படி ஒலிக்கும்னும் ரெண்டு பேருக்கும் தெரியும்." ஹார்லன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் தாழ்ந்தது. "ஜூடித்துக்கு நெஞ்சு இந்த ஊர்க் குளிரை இன்னொரு வருஷம் தாங்காதுடா. தெக்கே மக வீட்டுக்குப் போயிடணும். படகு போனாத்தான் நாங்க போக முடியும். உன்னை ஒண்ணும் புதுசாப் பொய் சொல்லச் சொல்லலை. தட்டு. ஒலிக்கும். கையை வை. அவ்வளவுதான்."

"முடியாதுன்னா?"

"அப்ப நானும் ஒரு உண்மையைச் சொல்லிட்டு நிம்மதியா ஊரை விட்டுப் போறேன். தெக்கே யாரும் என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்ப மாட்டாங்க. நீதான் இங்கயே இருக்கணும்."

அண்ணன் நொண்டிக்கொண்டே போய்விட்டார். லிமன் அடுப்பை அணைத்தாரா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் ஜன்னலருகே நின்றார். ஊருக்குள் வரவும் போகவும் ஒரே சாலை. அதன் ஓரத்தில் நோரீனின் வீடு. கடைக்குப் போனாலும், தேவாலயத்துக்குப் போனாலும், செத்தால் கல்லறைக்குப் போனாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். வாய் திறந்தால் அந்த வாசல் மூடிக்கொள்ளும். வாய் மூடினால் அந்த வாசலிலிருந்து இன்னும் இரண்டு பேர் கடலுக்குப் போவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

சனிக்கிழமை விடிந்ததும் மூக்குமயிர் உறையும் குளிர். பட்டறை முற்றத்தில் ஜூடித் ஆன் முட்டுக்கட்டைகள்மேல் பளபளவென்று நின்றது. நோரீன் ஒரு டப்பா நிறைய டோனட் கொண்டுவந்திருந்தாள். கேலா பக்கத்தில் நின்று கையை ஊதிக்கொண்டிருந்தாள். டேலின் அதே நெற்றி.

"கரடி முழிச்சிருச்சுடோய்!" என்று கர்ட்டிஸ் கத்தினான். "நோரீனக்கா, என்ன மந்திரம் போட்ட?"

"மந்திரம் எல்லாம் இல்லடா. எனக்காக அண்ணன் வந்திருக்காரு" என்றாள் நோரீன். அவள் கண்ணில் சந்தோஷம் தளும்பியது. "அண்ணே, நீங்க கையை வெச்சாப் போதும். நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவேன்."

லிமன் சுத்தியலை எடுத்தார். 

டக். டக். டக். அணியம் ஒலித்தது. இடதுபக்கம் முழுக்க ஒலித்தது. பின்கட்டைச் சுற்றி வலதுபக்கம் வந்தார்.  அந்த இடம் வந்தது. ஹார்லன் கைத்தடியை இறுகப் பிடித்தார்.

டக்.

மற்ற இடங்களைவிட இன்னும் தெளிவாக, இன்னும் கெட்டியாக ஒலித்தது. கேலா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்துவதை லிமன் ஓரக்கண்ணால் பார்த்தார். இன்னும் பத்துத் தட்டு. அப்புறம் அணியத்தில் கை. வீட்டுக்குப் போய்விடலாம். வருடா வருடம் ப்ளூபெர்ரி பை வரும்.

அவருடைய கை மேல்கோட்டுப் பைக்குள் போனது. சாக்பீஸோடு வெளியே வந்தது. அந்தப் பளபளப்பான சாயத்தின்மேல், ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பெரிதாக ஒரு நீல வட்டம் விழுந்தது.



"டேய்!" ஹார்லனின் குரல் உடைந்தது. "ஒலிச்சுதுடா! எல்லாரும் கேட்டாங்க! கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"ஆமாண்ணே, ஒலிச்சுதே" என்றான் கர்ட்டிஸ், குழப்பத்தோடு. "எங்க பாட்டன் பல்லைவிட கெட்டியால்ல ஒலிச்சுது?"

நோரீன் வட்டத்தையும் லிமனையும் மாறி மாறிப் பார்த்தாள். "லிமன் அண்ணே, எனக்குப் புரியலை. நல்லா ஒலிச்ச இடத்துல எதுக்கு வட்டம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அது பன்னிரண்டு வருடமாக அவர் தொண்டையிலேயே கிடந்தது.

"தண்ணி உறைஞ்சு கிடக்குதும்மா. உறைஞ்சா ஒலிக்கும். குளிர்ல கெட்டதும் நல்லதும் ஒரே சத்தம்தான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹார்லன் ஓரடி முன்னால் வந்தார். "லிமன்... வேண்டாம்டா." மிரட்டல் போய், அதில் கெஞ்சல் மட்டும்தான் இருந்தது.

லிமன் குல்லாயைக் கழற்றினார். நரைத்த தலைமேல் பனித்துகள் விழுந்தது.

"டேல் படகும் இப்படித்தான் ஒலிச்சுது. நான் அதைத் தட்டினது ஏப்ரல்ல இல்லம்மா. பிப்ரவரில. இதே மாதிரி ஒரு குளிர்ல. தெரியாமத்தான் கையை வெச்சேன். ஆனா, தெரிஞ்சப்புறமும் உன்கிட்ட வாயைத் திறக்கலை."

டோனட் டப்பா நோரீனின் கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது.  அவள் மெல்ல நடந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என் பையை எப்படித் தின்னீங்க?"

லிமன் குல்லாயைக் கையில் கசக்கினார்.

"வருஷா வருஷம் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தீங்களே. எப்படித் தின்னீங்கன்னு கேக்கறேன்."

அவர் கையிலிருந்த சுத்தியலை அவளே பிடுங்கிக்கொண்டாள். மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இருவரும் காரை நோக்கி நடந்தார்கள். ஒவ்வொருவராக முற்றம் காலியானது. கர்ட்டிஸ்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போனான். கடைசியில் அண்ணனும் தம்பியும் வட்டமும் மட்டும் மிஞ்சின.

"இப்பத் திருப்தியாடா?" என்றார் ஹார்லன்.

திருப்தியா? உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். லிமனுக்கு லேசாகவில்லை. முன்பு அறைக்குள் அவர் தனியாக இருந்தார். இப்போது ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்தது. கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. அந்த ஒரே சாலையில் நோரீனின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கால் பனியில் புதைவது போலக் கனத்தது.

ஏப்ரல் முதல் வாரம் துறையில் பனிக்கட்டி உடைந்தது. லிமனின் கால்கள் அவரைக் கேட்காமலே பட்டறைக்குப் போயின. ஜூடித் ஆனுக்குப் பக்கத்தில் நோரீன் நின்றிருந்தாள். அவளிடம் அந்தச் சுத்தியல். வட்டம் அழியாமல் இருந்தது. அதன் நடுவே தட்டினாள்.

தொப்.

இன்னொரு தட்டு. தொப். ஒட்டுப்போட்ட விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு கோடாகக் கசிந்து, சாயத்தின்மேல் இறங்கி, அவள் காலணியருகே சொட்டியது. 

"நானும் கேலாவும் இதுல போயிருப்போம்" என்றாள், திரும்பாமல்.

"ஆமாம்மா."

"மேல்கரைல ஒரு படகு இருக்கு. செவ்வாய்க்கிழமை பார்க்கப் போறேன். நீங்க வந்து தட்டணும்." திரும்பிச் சுத்தியலை நீட்டினாள். அவள் கண்ணில் ஒரு துளி ஈரம் இல்லை. "உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. உங்க காதை விட்டா எனக்கு வேற காது இல்ல. ஆனா ஒண்ணு. இனிமே நீங்க கையை வெச்சா, முதல் நாள் எங்களோட அந்தப் படகுல நீங்களும் ஏறணும். எங்க போறோமோ அங்க."

லிமன் சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

மே மாதத்தில் ஒரு விடிகாலை, மேல்கரையில் வாங்கிய நோரீனின் படகு ஸ்பூனர் துறையை விட்டுக் கிளம்பியது. லிமன் மூன்று முறை வேறு வேறு நாளில் தட்டிப் பார்த்து, மூன்றாவது முறைதான் கையை வைத்திருந்தார். கேலா கூண்டுகளில் இரை கட்டிக்கொண்டிருந்தாள். நோரீன் சுக்கானைப் பிடித்திருந்தாள். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி மிதவையும் பின்னால் போயிற்று. டேல் போன திசை அது. அலை படகின் வயிற்றில் மோதும்போதெல்லாம் அறுபத்தொரு வயது மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

டக் என்றது. மறுபடியும் டக்.

எப்போது திரும்புவோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை.