சட்டைப்பையில் ஒரு கேமரா

மருத்துவமனைப் பதிவு மேசையில் பதினெட்டு ஆண்டுகளாக அமர்ந்திருந்தவருக்குச் சக ஊழியர்கள் சூட்டியிருந்த பெயர் சிடுமூஞ்சியார். சிரித்த முகமுள்ள வேறொருவரை அங்கே அமர்த்திவிட்டு, இவரைக் கோப்பறைக்கு மாற்றிவிட மேலாளர் எண்ணியிருந்தார். இவருக்கோ மனிதர் முகம் பாராமல் பொழுதே போகாது.

அச்சமயம், வாய் பேசாமல் மனிதர் பேசிக்கொள்வதை ஆராயும் பெண்மணி ஒருவர் வந்தார். வருவோரின் சம்மதத்தோடு, ஊழியர் அனைவரின் சட்டைப்பையிலும் சிறு கேமராவை ஒரு வாரம் மாட்டிவைத்தார்.

வாரக் கடைசியில், சிடுமூஞ்சியாரையும் அழைத்து வைத்துக்கொண்டு, அவர் சட்டைப்பைக் கேமரா எடுத்த படத்தை மேலாளர் அறையில் ஓட்டிக் காட்டினார் அந்தப் பெண்மணி. சிடுமூஞ்சியாரின் முகம் அதில் விழவேயில்லை; எதிரே நின்றவர்களின் முகங்களே விழுந்திருந்தன. கலங்கி வந்தவர்கள் தெளிந்து போனார்கள்.

"இவர் ஒண்ணும் பேசவே இல்லையே, எப்படிம்மா?" என்றார் மேலாளர்.

"கையைப் பாருங்க சார். படிவத்தை அவங்க பக்கம் திருப்பி வெச்சு, எழுதி முடிக்கிறவரைக்கும் ஒவ்வொரு கட்டமா விரலால காட்டுறாரு. வேற யாரும் இப்படிச் செய்யல."

மேலாளர் தாடையைத் தடவியபடி சிடுமூஞ்சியார் பக்கம் திரும்பினார். "சரி, நீங்க அங்கயே இருங்க. மூஞ்சியை மட்டும் கொஞ்சம்..."

"அது எங்கப்பா குடுத்தது சார்" என்று கடுகடுத்துவிட்டுச் சிடுமூஞ்சியார் தம் மேசைக்கு விரைந்தார். அங்கே வரிசையில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.